ஒரு பிராந்தியம் தொழில்நுட்ப மையமாக எழுவது எப்படி?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வடக்கில் ஒலிக்கும் வாக்குறுதிகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பப் பூங்கா. இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும், வெளிநாட்டுக் கம்பனிகள் வரும், இன்னொரு சிலிக்கன் வேலி உருவாகும் என்று சொல்லப்படும். கேட்பவர்களுக்கு நம்ப ஆசைதான். ஏனென்றால் இன்றைய நிலைமை என்னவென்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கிறது. மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ கிளிநொச்சிக்கோ போய்ப் பொறியியல் படிக்கிறது. முதல் வேலை கொழும்பில் கிடைக்கிறது. சில ஆண்டுகளில் கனடா, அவுஸ்திரேலியா அல்லது ஐரோப்பா. ஊரில் தாயும் தகப்பனும் இரவு வட்ஸ்அப் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள்.

யுத்தம் துரத்தியபோது உயிர் தப்ப ஓடினோம். யுத்தம் முடிந்த பிறகும் பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்றால், அதை மாற்றக்கூடியது எது என்று கேட்பது நியாயமான கேள்வி. தொழில்நுட்ப மையம் ஒன்று அந்தப் பதிலின் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால் அப்படியொரு மையம் எப்படி உருவாகிறது, எதனால் உருவாகாமல் போகிறது என்பது பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. உலகின் வேறு வேறு இடங்களில் நடந்ததை வைத்து அதை விளங்கிக்கொள்ள முயல்வதே இக்கட்டுரை.

மையம் என்பது என்ன?

பெரிய கண்ணாடிக் கட்டடமும் வேகமான இணையமும் இருந்தால் அது தொழில்நுட்ப மையம் ஆகிவிடாது. ஒரே துறையில் வேலை செய்யும் பல நிறுவனங்கள், அவற்றுக்கு ஆட்களை உருவாக்கும் கல்வி நிறுவனங்கள், புதிய முயற்சிக்குப் பணம் போடத் துணிந்தவர்கள், முதல் வாடிக்கையாளர்கள் ஆகிய நான்கும் ஒரே பிராந்தியத்துக்குள் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டே இருக்கும் நிலைதான் மையம். ஒரு நிறுவனம் மூடினால் அங்கிருந்தவர் அடுத்த தெருவில் இன்னொரு நிறுவனத்தில் வேலைக்குப் போக முடியும். ஒரு முயற்சி தோற்றால் அதில் கற்றது அந்த ஊரிலேயே தங்கும். இந்தச் சுழற்சி இல்லாத இடத்தில் எத்தனை கட்டடம் கட்டினாலும் அது வாடகைக்கு விடும் இடமாகத்தான் இருக்கும்.

சிலிக்கன் வேலி: எட்டுப் பேர் விலகிய கதை

கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெயர்போன இடம். அங்கே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியராக இருந்த பிரடெரிக் டெர்மனுக்கு ஒரு கவலை இருந்தது. நல்ல மாணவர்கள் படித்து முடித்ததும் வேலை தேடி அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போய்விடுகிறார்கள். நமது கவலையும் இதேதான். அவர் தன் மாணவர்களை அங்கேயே தொழில் தொடங்கும்படி ஊக்குவித்தார். வில்லியம் ஹியூலெட், டேவிட் பக்கார்ட் என்ற இருவர் 1939இல் ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1951இல் பல்கலைக்கழகம் தன் காணியின் ஒரு பகுதியைத் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கியது.

திரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷொக்லி 1950களின் நடுப்பகுதியில் அங்கே ஆய்வுக்கூடம் அமைத்தார். திறமையான இளைஞர்களைச் சேர்த்தார். ஆனால் அவருடன் வேலை செய்வது பெரும் சிரமமாக இருந்தது. 1957இல் எட்டுப் பேர் ஒன்றாக விலகி பெயார்சைல்ட் செமிகண்டக்டர் என்ற நிறுவனத்தை அமைத்தார்கள். அந்த நிறுவனத்திலிருந்து விலகியவர்கள் மேலும் பல நிறுவனங்களைத் தொடங்கினார்கள். 1968இல் உருவான இன்டெல் அவற்றில் ஒன்று. எட்டுப் பேரில் ஒருவரான யூஜின் கிளைனர் 1972இல் புதிய நிறுவனங்களுக்கு முதலீடு செய்யும் நிதியம் ஒன்றை நிறுவினார். தொழில் செய்து சம்பாதித்தவர் அடுத்த தலைமுறைக்குப் பணமும் ஆலோசனையும் கொடுப்பவராக மாறினார்.

இந்தக் கதையில் பெரும்பாலும் சொல்லப்படாத இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, சட்டம். வேலையை விட்டவர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்கள் கலிபோர்னியாவில் செல்லாது. 1872ஆம் ஆண்டிலிருந்தே அந்த மாநிலச் சட்டத்தில் இது இருக்கிறது. அதனால் ஆட்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் சுதந்திரமாக மாறினார்கள், அவர்களோடு அறிவும் மாறியது. இரண்டாவது, முதல் வாடிக்கையாளர். ஆரம்பகால ஒருங்கிணைந்த மின்சுற்றுகளை விலை பாராமல் வாங்கியது அமெரிக்க இராணுவமும் விண்வெளித் திட்டமும்தான். சுதந்திரச் சந்தையின் அற்புதம் என்று கொண்டாடப்படும் இடத்தின் அத்திவாரத்தில் அரச பணம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி பனிப்போர்க் காலத்து ஆயுதப் போட்டிக்காக ஒதுக்கப்பட்டது என்பதை யுத்தம் கண்ட நாம் கவனிக்காமல் போக முடியாது.

பொஸ்டன்: எல்லாம் இருந்தும் பின்தங்கியது ஏன்?

அதே காலத்தில் அமெரிக்காவின் கிழக்கே பொஸ்டன் நகரைச் சுற்றியுள்ள 128ஆம் இலக்கப் பாதையோரம் இன்னொரு மையம் இருந்தது. எம்.ஐ.டி., ஹார்வர்ட் என்று புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள், தாராளமான அரச நிதி, டிஜிட்டல் எக்யுப்மென்ட், வாங், டேட்டா ஜெனரல் போன்ற பெரிய கணினிக் கம்பனிகள் எல்லாம் அங்கே இருந்தன. 1970களில் எது முந்தும் என்று கேட்டிருந்தால் பலர் பொஸ்டனைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் 1980களின் இறுதியில் தனிநபர் கணினிகள் சந்தையைப் பிடித்தபோது அந்தக் கம்பனிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. டிஜிட்டல் எக்யுப்மென்ட் 1998இல் இன்னொரு கம்பனிக்கு விற்கப்பட்டது.

அனாலீ சக்சேனியன் என்ற ஆய்வாளர் இரு பிராந்தியங்களையும் ஒப்பிட்டு 1994இல் ஒரு நூல் எழுதினார். அவருடைய விளக்கம் எளிமையானது. பொஸ்டன் கம்பனிகள் ஒவ்வொன்றும் தனித்தனி மதில் கட்டி வாழ்ந்தன. எல்லாவற்றையும் தாமே செய்தன, இரகசியம் காத்தன, விட்டுப் போனவரைத் துரோகியாகப் பார்த்தன. சிலிக்கன் வேலியில் போட்டிக் கம்பனிகளின் பொறியியலாளர்கள் மாலையில் ஒரே மேசையில் இருந்து தங்கள் சிக்கல்களைப் பேசினார்கள். சந்தை மாறியபோது மதிலுக்குள் இருந்தவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பல்கலைக்கழகமும் பணமும் தேவை, ஆனால் அவை மட்டும் போதாது என்பதே பொஸ்டன் சொல்லும் பாடம். சிறு வட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கமுள்ள எந்தச் சமூகமும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சின்சு: போனவர்களைத் திரும்ப அழைத்த ஊர்

வடக்குக்கு மிக நெருக்கமான பாடம் தாய்வானில் இருக்கிறது. 1949 முதல் 1987 வரை அந்தத் தீவு இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. 1971இல் ஐக்கிய நாடுகள் சபையில் தன் ஆசனத்தை இழந்தது. 1979இல் அமெரிக்காவும் தன் அங்கீகாரத்தை பெய்ஜிங்குக்கு மாற்றியது. படித்த இளைஞர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலானோர் திரும்பி வரவில்லை.

தாய்வான் அரசாங்கம் முதலில் செய்தது ஆட்களைப் பயிற்றுவிப்பது. 1973இல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை நிறுவியது. 1976இல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்கக் கம்பனியுடன் ஒப்பந்தம் செய்து இளம் பொறியியலாளர்களை அங்கே அனுப்பி, சில்லுத் தயாரிப்பைக் கற்றுவரச் செய்தது. கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் அப்போதே பழையதுதான். ஆனால் கற்றவர்கள் திரும்பி வந்து அதை மேம்படுத்தினார்கள். அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து 1980இல் யு.எம்.சி. என்ற முதல் சில்லுக் கம்பனி பிரிந்து உருவானது. அதே ஆண்டு டிசம்பரில்தான் சின்சு விஞ்ஞானப் பூங்கா திறக்கப்பட்டது. முதலில் ஆட்கள், பிறகு ஆராய்ச்சி, கடைசியில் கட்டடம் என்ற இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். இடமும் யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. சிங் ஹுவா, சியாவோ துங் என்ற இரு பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிறுவனமும் அருகருகே இருந்தன.

அடுத்து, வெளிநாட்டில் இருந்தவர்களைத் திரும்ப அழைப்பது. உணர்ச்சிகரமான வேண்டுகோள்களால் மட்டும் அது நடக்கவில்லை. திரும்ப நினைக்கும் ஒருவருக்கு என்ன தடை என்று அதிகாரிகள் கேட்டுப் பார்த்தார்கள். வீடு வேண்டும், பூங்காவுக்குள்ளேயே குடியிருப்பு கட்டப்பட்டது. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்குச் சீன மொழி போதிய அளவு தெரியாது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது? 1983இல் அங்கேயே இருமொழிப் பாடசாலை திறக்கப்பட்டது. ஒரு குடும்பம் திரும்பி வருவதா இல்லையா என்பதைப் பிள்ளையின் பள்ளிக்கூடம்தான் தீர்மானிக்கிறது என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனியில் நீண்ட காலம் உயர்பதவி வகித்த மொறிஸ் சாங் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையை ஏற்க வந்தார். அப்போது அவருக்கு 54 வயது. 1987இல் அவர் டி.எஸ்.எம்.சி. கம்பனியை நிறுவினார். அதன் ஆரம்ப மூலதனத்தில் ஏறத்தாழப் பாதி அரசாங்கத்தினுடையது. மற்றவர்கள் வடிவமைக்கும் சில்லுகளைத் தயாரித்துக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை, சொந்தமாகச் சில்லு விற்பதில்லை. பெரிய கம்பனிகளோடு மோதாமல், அவர்கள் செய்யாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று உலகின் மிக முன்னேறிய சில்லுகளில் பெரும்பகுதி அந்தக் கம்பனியிலிருந்து வருகிறது.

எல்லோரும் நிரந்தரமாகத் திரும்பவில்லை. பலர் கலிபோர்னியாவிலும் தாய்வானிலும் மாறி மாறி வாழ்ந்தார்கள். இரு கரையிலும் ஆட்களைத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். சங்கங்கள் அமைத்து இளையவர்களை முதலீட்டாளர்களோடு சேர்த்து வைத்தார்கள். புலம்பெயர்ந்தவர் ஊருக்குப் பயன்பட ஊரிலேயே குடியேற வேண்டும் என்பதில்லை. பயமின்றி வந்து போகும் பாதை திறந்திருக்க வேண்டும்.

ஔலு: தலைநகரிலிருந்து 600 கிலோமீற்றருக்கு அப்பால்

தலைநகரிலிருந்து தொலைவில் இருப்பதுதான் நமது பிரச்சினை என்று சிலர் சொல்வார்கள். பின்லாந்தின் ஔலு நகரம் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்தான். குளிர்காலத்தில் சில மணி நேரமே வெளிச்சம். தார், மரம், காகிதம் என்பவையே பழைய தொழில்கள்.

மாற்றம் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கியது. 1958இல் ஔலு பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நாட்டின் வடபகுதிக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அந்தப் பிராந்தியத்தின் நீண்ட காலக் கோரிக்கை. 1974இல் அரச ஆராய்ச்சி நிறுவனத்தின் இலத்திரனியல் ஆய்வுக்கூடம் அங்கே அமைந்தது. 1982இல் தொழில்நுட்பக் கிராமம் தொடங்கப்பட்டது, நோர்டிக் நாடுகளில் அதுவே முதலாவது. நொக்கியா அங்கே வளர்ந்தது.

ஔலுவிலிருந்து வந்த சில பொருட்களைப் பாருங்கள். பனிச்சறுக்கு வீரர்கள் ஓடும்போதே இதயத் துடிப்பை அளக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து போலார் என்ற கம்பனி 1977இல் பிறந்தது. அதைத் தொடங்கியவர் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1988இல் அதே பல்கலைக்கழகத்தில் யார்கோ ஒய்காரினென் என்ற இளைஞர் இணையம் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் எழுதிப் பேசும் முறையை உருவாக்கினார். ஐ.ஆர்.சி. என்ற அந்த அரட்டை முறை உலகம் முழுவதும் பரவியது. விரலில் மோதிரமாக அணிந்து உறக்கத்தை அளக்கும் ஔரா கருவியும் 2013இல் அங்கே தொடங்கிய நிறுவனத்தினுடையது.

ஆனால் ஔலு ஒரு பெரிய கம்பனியை அதிகம் நம்பியிருந்தது. திறன்பேசிப் போட்டியில் நொக்கியா தோற்று, தன் கைபேசிப் பிரிவை மைக்ரோசொப்டுக்கு விற்றது. 2014இல் அந்தக் கம்பனி ஔலுவில் இருந்த தயாரிப்பு மேம்பாட்டுப் பிரிவை மூடுவதாக அறிவித்தது. ஊர் அழிந்துவிடும் என்று பயந்தார்கள். அழியவில்லை. வேலை இழந்தவர்கள் ஊரை விட்டு மொத்தமாக ஓடாமல் சிறு நிறுவனங்களைத் தொடங்கினார்கள். நொக்கியாவே விலகும் ஊழியர்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்கு 25,000 யூரோ வரை கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. ஔலு பல்கலைக்கழகத்தில் 2018இல் ஆறாம் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பாடல் ஆராய்ச்சி தொடங்கியது. கம்பனி போனாலும் திறமை அங்கேயே இருந்தது, அதைத் தாங்கிப் பிடிக்கப் பல்கலைக்கழகமும் சமூகநலத் திட்டங்களும் இருந்தன.

பெங்களூர்: நீண்ட முன்கதை

பெங்களூர் மென்பொருள் நகரமானது 1990களில் என்று பலர் நினைக்கிறோம். அதற்கு முன்கதை உண்டு. இந்திய விஞ்ஞான நிறுவனம் அங்கே நிறுவப்பட்டது 1909இல். விமானத் தொழிற்சாலை 1940இல். சுதந்திரத்துக்குப் பிறகு தொலைபேசி, இலத்திரனியல், விண்வெளி என்று அரச நிறுவனங்கள் வரிசையாக வந்தன. எத்தனையோ பொறியியலாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் ஏற்கனவே அந்த நகரில் இருந்தார்கள். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கே மென்பொருள் வடிவமைப்பு மையம் தொடங்கியபோது செய்மதி இணைப்பு வழங்கப்பட்டது. 1991இல் அரசாங்கம் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காத் திட்டத்தின் மூலம் அத்தகைய இணைப்பைச் சிறிய கம்பனிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தது. ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் கம்பனியும் ஏற்றுமதி செய்ய முடிந்தது. பெரிய முதலாளிக்கு மட்டும் கிடைக்கும் வசதியை எல்லோருக்கும் பொதுவாக்கியதே அங்கே அரசு செய்த உருப்படியான வேலை.

பெல்பாஸ்ட்: மோதல் முடிந்த பிறகு

வட அயர்லாந்தின் கதை நமக்கு வேறு வகையில் நெருக்கமானது. 1965இல் அங்கே புதிய பல்கலைக்கழகத்துக்கு இடம் தேடியபோது, கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் இரண்டாவது பெரிய நகரமான டெரியை விட்டுவிட்டு, சிறிய ஊரான கொலரேனைத் தேர்ந்தார்கள். டெரி மக்கள் அதை அநீதியாகவே பார்த்தார்கள். அந்தக் கோபமும் 1968இல் வெடித்த குடியுரிமைப் போராட்டத்தின் பின்னணியில் இருந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபோது இங்கே என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மோதலின் நடுவே வேலையின்மையைத் தீர்க்க பிரித்தானிய அரசாங்கம் ஒரு பெரிய பந்தயம் கட்டியது. டிலோரியன் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் பெல்பாஸ்ட் அருகே கார்த் தொழிற்சாலை அமைக்க 7 கோடிக்கும் அதிகமான பவுண் அரச பணத்தைக் கொடுத்தது. 1981இல் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே கம்பனி விழுந்தது. ஏறத்தாழ 9,000 கார்கள் மட்டுமே செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் மீண்டும் தெருவில் நின்றார்கள். வெளியிலிருந்து வரும் ஒரு மனிதர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார் என்ற நம்பிக்கையின் விலை அது.

1998இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பிறகு வேறு விதமாகத் தொடங்கினார்கள். டைட்டானிக் கப்பல் கட்டப்பட்ட பழைய துறையில் 1999இல் விஞ்ஞானப் பூங்கா அமைக்கப்பட்டது. குயின்ஸ் பல்கலைக்கழகம் அங்கே தன் இலத்திரனியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டுபோய் வைத்தது. 2009இல் இணையப் பாதுகாப்புக்கென்று தனி ஆராய்ச்சி மையம் உருவானது. எல்லாத் துறையிலும் கால் வைக்காமல் ஒரு துறையைப் பிடித்தார்கள். அமெரிக்க இணையப் பாதுகாப்புக் கம்பனிகள் ஆட்களைத் தேடி அங்கே வந்தன. இருந்தும் டெரியில் முழுமையான பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் இன்னும் ஓயவில்லை. பெல்பாஸ்ட் வளர்ந்ததால் மட்டும் டெரியின் காயம் ஆறவில்லை. யாழ்ப்பாணம் வளர்ந்தால் முல்லைத்தீவு தானாக வளரும் என்று நாமும் நினைத்துவிடக் கூடாது.

தோற்ற இடங்களும் கொடுத்த விலையும்

வெற்றிக் கதைகளைவிடத் தோல்விகள் அதிகம். யப்பான் 1983இல் தொழில்நுட்ப நகரங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றி, 26 பிராந்தியங்களைத் தேர்ந்தெடுத்தது. வீதிகள், விமான நிலையங்கள், பூங்காக்கள் வந்தன. ஆனால் பல இடங்களில் வந்தவை பெரிய கம்பனிகளின் கிளைத் தொழிற்சாலைகள்தான். முடிவெடுப்பவர்களும் ஆராய்ச்சியும் தோக்கியோவிலேயே இருந்துவிட்டன. கட்டளைப்படி வேலை செய்யும் கிளைக்கும் சொந்தமாக யோசிக்கும் மையத்துக்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டுகிறது.

வென்ற இடங்களும் விலை கொடுத்தன. சிலிக்கன் வேலி இருக்கும் சாந்தா கிளாரா மாவட்டத்தில் நச்சுக் கழிவுகளை அகற்ற வேண்டிய இடங்களாக அமெரிக்க மத்திய அரசு பட்டியலிட்டவை 20க்கும் மேல். அவற்றில் பல பழைய சில்லுத் தொழிற்சாலைகள். தாய்வானின் தாவோயுவான் நகரில் ஆர்.சி.ஏ. தொழிற்சாலை நிலத்தடி நீரை நஞ்சாக்கியது 1990களில் வெளிவந்தது. நோயுற்ற தொழிலாளர்கள் நீதிமன்றத்தில் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பி வாழும் குடாநாட்டில் எந்தத் தொழில் வந்தாலும் தண்ணீரைப் பற்றிய கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.

வடக்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை?

இருப்பதில் இருந்து தொடங்கலாம். கல்வி மீதான பிடிப்பு இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. பற்றரி தடை செய்யப்பட்டபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நமது ஊர்த் திருத்துநர்கள். கையில் இருப்பதை வைத்துப் பிரச்சினையைத் தீர்ப்பதுதான் பொறியியல் என்றால், அதற்கான பயிற்சி நமக்குக் குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. யாழ் ஐ.டி. ஹப் போன்ற தன்னார்வ முயற்சிகள் யுத்தம் முடிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கி, மாணவர்களையும் புலம்பெயர்ந்த தொழில்நுட்பவியலாளர்களையும் போட்டிகள் வழியாகச் சந்திக்க வைத்தன. வடக்கில் ஒரு சிலிக்கன் வேலி என்பதே அவர்கள் முன்வைத்த கனவு. யாழ்ப்பாணத்தில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதும் இளைஞர்களும் இளம் பெண்களும் இன்று இருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து வீடு திரும்பப் பாதுகாப்பான வழி இருந்தால் பெண்களின் எண்ணிக்கை இன்னும் கூடும்.

இல்லாதவற்றில் முதலாவது, முடிவெடுக்கும் அதிகாரம். வட மாகாண சபைக்கு 2013இல் முதல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. காணி, கல்வி, முதலீடு பற்றிப் பிராந்தியம் சார்ந்து திட்டமிட மக்களால் தெரிவான ஒரு சபை தேவை. ஔலு தனக்கு எது வேண்டும் என்று தானே கேட்டது. கொழும்பில் வரையப்படும் திட்டத்தில் நாம் பெரும்பாலும் திறப்பு விழாவுக்கு அழைக்கப்படும் பார்வையாளர்கள்.

இரண்டாவது, புலம்பெயர்ந்தவர்களோடு அச்சமற்ற உறவு. தாய்வான் தன் புலம்பெயர் சங்கங்களுக்குச் செங்கம்பளம் விரித்தது. இலங்கை அரசாங்கம் 2014இல் 16 புலம்பெயர் அமைப்புகளையும் 400க்கும் மேற்பட்ட தனிநபர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015இல் பலரை நீக்கியது. 2021இல் மீண்டும் பலரைச் சேர்த்தது. இன்று அனுமதிக்கப்பட்டவர் நாளை தடைசெய்யப்படலாம் என்ற நிலையில் எவர் பத்து ஆண்டுத் திட்டத்தோடு வருவார்? 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் முதலீட்டின் மீதும் விழுகிறது.

மூன்றாவது, ஆரம்பப் பணம். வங்கி காணி உறுதியைப் பார்த்துக் கடன் கொடுக்கும், யோசனையைப் பார்த்துக் கொடுக்காது. வெளிநாட்டிலிருந்து கோயிலுக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் தாராளமாகப் பணம் வருகிறது. ஒரு இளைஞரின் முயற்சியில் பங்கு வாங்கி, அது தோற்றாலும் அடுத்ததற்கு நிற்கும் பணம் குறைவு.

நான்காவது நமக்குள்ளேயே இருப்பது. அரச உத்தியோகம்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். எல்லாவற்றையும் இழந்த சமூகம் பாதுகாப்பைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் தொழில் தொடங்கித் தோற்றவரைப் பார்த்து "உனக்கேன் தம்பி இந்த வேலை?" என்று கேட்கும் ஊரில் இரண்டாவது முயற்சி பிறப்பது கடினம்.

அடுத்த அறிவிப்பு வரும்போது கேட்க வேண்டியவை

இனி ஒரு தொழில்நுட்பப் பூங்கா அறிவிக்கப்பட்டால் கைதட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கலாம்.

எந்தத் துறை? எல்லாத் துறையும் என்பது பதில் அல்ல. கடற்றொழில், பனை, வேளாண்மை, தமிழ் மொழிக் கணிமை, செயற்கை அவயவங்கள் என்று நமது வாழ்விலிருந்து எழும் தேவைகள் இருக்கின்றன. யுத்தத்தில் கால் இழந்தவர்கள் வாழும் மண்ணில் நல்ல செயற்கைக் காலை வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் இருப்பது பொருத்தமானது. ஔலுவுக்குப் பனிச்சறுக்கு எப்படியோ, நமக்கு அது அப்படி.

பல்கலைக்கழகத்தோடு என்ன தொடர்பு? மாணவர் நடந்து போகும் தூரத்திலா, பேருந்து மாறி மாறிப் போகும் தூரத்திலா?

முதல் வாடிக்கையாளர் யார்? வைத்தியசாலைகள், பிரதேச சபைகள், கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளூர் நிறுவனத்திடம் மென்பொருள் வாங்குமா?

வரும் கம்பனி ஆராய்ச்சியையும் முடிவெடுக்கும் பதவிகளையும் கொண்டு வருகிறதா, கூலி குறைவு என்பதற்காக மட்டும் வருகிறதா? அது போனால் மிஞ்சுவது என்ன?

காணி யாருடையது? தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும்?

வன்னியில் இருந்தும் மன்னாரில் இருந்தும் வரும் பிள்ளைக்கு அங்கே இடம் உண்டா? குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்ணுக்கு வேலை நேரம் பொருந்துமா?

இவற்றுக்கு ஒரே நாளில் பதில் வராது. ஸ்டான்போர்டில் டெர்மனின் மாணவர்கள் வாகனக் கொட்டகையில் தொழில் தொடங்கியதற்கும் இன்டெல் உருவானதற்கும் இடையில் 29 ஆண்டுகள். தாய்வான் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்ததற்கும் டி.எஸ்.எம்.சி. பிறந்ததற்கும் இடையில் 14 ஆண்டுகள். ஔலுவில் பல்கலைக்கழகம் வந்ததற்கும் தொழில்நுட்பக் கிராமம் தொடங்கியதற்கும் இடையில் 24 ஆண்டுகள். தேர்தல்களோ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றன. நமது பிள்ளைகள் கடவுச்சீட்டு எடுப்பது அதைவிட விரைவாக நடக்கிறது.

அதனால் எல்லாவற்றையும் அரசாங்கம் செய்யட்டும் என்று காத்திருக்காமல், இன்றே செய்யக்கூடியதைத் தொடங்கலாம். கிளிநொச்சியில் இறுதி ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவருக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் பொறியியலாளர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. உள்ளூர் வைத்தியசாலைக்கு எது தேவை என்று போய்க் கேட்பதற்கும் அனுமதி தேவையில்லை. அதற்கு மேலுள்ள காணி, அதிகாரம், அச்சமின்றி வந்து போகும் உரிமை ஆகியவை அரசியல் கேள்விகள். அவற்றை விட்டுவிட்டுத் தொழில்நுட்பம் மட்டும் பேசுவோம் என்பவர்களிடம் சின்சுவின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் டெரிக்கு மறுக்கப்பட்ட பல்கலைக்கழகத்தைப் பற்றியும் கேளுங்கள். போன பிள்ளை திரும்பி வருவதற்கும் இருக்கிற பிள்ளை போகாமல் இருப்பதற்கும் வேலை மட்டும் போதாது. இந்த ஊரில் எதிர்காலம் உண்டு என்ற நம்பிக்கையும் வேண்டும்.